மரத்த விரலும் உறைமோரும்

2016ஆம் ஆண்டு, அக்னி நட்சத்திரம் தொடங்கி நான்கைந்து நாள் ஆகியிருக்கும். முற்றத்துத் தரையில் கால் வைக்க முடியாத வெயில். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். மனைவி அடுப்படியில் கைவேலையாக இருந்தாள். நானே எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்து தயிர்ப் பாத்திரத்தை எடுத்தேன். விரல் பட்ட கணத்தில் நுனியிலிருந்து முழங்கை வரை சுரீரென்று ஒன்று ஓடியது. பாத்திரம் நழுவித் தரையில் விழுந்து, உறைந்த தயிர் வெள்ளைக் கட்டிகளாகச் சிதறியது. ஃபிரிட்ஜில் கரண்ட் கசிகிறது, யாரும் தொடாதீர்கள் என்று சத்தம் போட்டேன். மாலையில் எலக்ட்ரீசியன் வந்தார். டெஸ்டரை எல்லாப் பக்கமும் வைத்துப் பார்த்துவிட்டு, “கரண்ட் எதுவும் வரல சார், நல்லாத்தான் இருக்கு” என்றார்.

கசிவு என் நரம்பில்தான் இருந்தது என்பது மறுநாள் மருத்துவமனைக்குப் பேசியபோது தெரிந்தது. பெருங்குடலில் வந்த புற்றுக்கு அறுவை முடிந்து, எனக்குக் கீமோ தொடங்கியிருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக மொத்தம் 12 முறை; ஒவ்வொரு முறையையும் ஒரு சைக்கிள் என்பார்கள். ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும். பிறகு வேறொரு மருந்து சிறிய பம்ப் வழியாக 46 மணி நேரம் இறங்கும். “ஐஸ் தண்ணி குடிக்காதீங்க, ஃபிரிட்ஜுக்குள்ள கைய விடாதீங்க ஐயா” என்று சிஸ்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். மருந்து ஏறிய நரம்பு குளிர் பட்டால் சுரீரென்னும் என்பதற்காகச் சொன்னதை, சளி பிடிக்கும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நானாக எடுத்துக்கொண்டேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் நடத்தியவன், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு இப்போது எழுபத்தைந்து வயது. நோய் போய்விட்டது. காலில் கொஞ்சம் மரப்பு மட்டும் தங்கியிருக்கிறது. என் வகுப்பில் படித்தவர்களின் பிள்ளைகளே இன்று தாய் தகப்பனைக் கீமோவுக்கு அழைத்துப் போகிற வயதில் இருக்கிறார்கள். சிலர் தாங்களே படுக்கையில் கிடக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் முடி கொட்டுவதைப் பற்றி, வாந்தியைப் பற்றி. நரம்பு வலியை யாரும் கேட்பதில்லை. 2014இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு 4,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தது. கீமோ முடிந்த முதல் மாதத்தில் நூற்றுக்கு 68 பேருக்கு இந்த மரப்போ எரிச்சலோ வலியோ இருந்தது. ஆறு மாதம் கழித்தும் 30 பேருக்கு இருந்தது. இத்தனை பேருக்கு வருவதைப் பற்றி வீடுகளில் இத்தனை குறைவாகப் பேசுகிறோமே என்ற கவலைதான் என்னை எழுத வைத்தது.

எனக்கு ஏறிய ஆக்சாலிபிளாட்டின் பிறந்த கதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வராது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்ற இயற்பியலாளர், மின்புலம் பாக்டீரியாக்களை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எடுத்துக்கொண்ட பாக்டீரியா இ.கோலை. நம் குடலில் வாழ்வது. 1885இல் தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் பச்சிளம் பிள்ளைகளின் மலத்தில் கண்டு சொன்னது. மின்சாரத்தை விட்டதும் அந்தப் பாக்டீரியாக்கள் இரண்டாகப் பிரிவதை நிறுத்திவிட்டு, நூல் நூலாக நீளத் தொடங்கின. மின்சாரம் செய்த வேலையல்ல அது, மின்முனையில் இருந்த பிளாட்டினம் கரைந்து கலந்ததால் வந்தது என்று ரோசன்பெர்க் பொறுமையாகத் துருவிக் கண்டுபிடித்தார். பிரிவதை நிறுத்தும் பொருள் புற்றணுவையும் நிறுத்துமா என்ற கேள்வி அடுத்து வந்தது. அப்படி வந்தது சிஸ்பிளாட்டின். 1976இல் ஜப்பானின் நகோயாவில் யோஷினோரி கிடானி உருவாக்கிய ஆக்சாலிபிளாட்டின் அதன் தம்பி. என் உயிரைக் காத்த மருந்துக்கு முதல் தடயம் சொன்னது ஒரு குடல்வாசி. ஊசி ஏறிய நாட்களில் இதை நினைத்துக்கொள்வேன். அது ஒரு துணையாக இருந்தது.

மருந்து ஏன் நரம்பைத் தொடுகிறது என்று பேத்தி ஒருநாள் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். தோலின் தொடுவுணர்வைக் கொண்டுபோகும் நரம்பணுக்களின் உடல் முதுகுத்தண்டின் ஓரத்தில் சிறு சிறு முடிச்சுகளில் இருக்கிறது. கால் கட்டைவிரலுக்கு வரும் நரம்பணுவின் இழை அந்த முடிச்சிலிருந்து விரல்நுனி வரை, வளர்ந்த மனிதனுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். மூளைக்கு ரத்தத்திலிருந்து வரும் நஞ்சைத் தடுக்க ஒரு காவல் உண்டு. இந்த முடிச்சுகளுக்கு அத்தகைய காவல் இல்லை. பிளாட்டினம் அங்கே போய்த் தங்கிவிடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. அதுபோல நீண்ட இழையின் கடைசி நுனிதான் முதலில் வாடுகிறது. காலுறை போட்ட இடம் வரை, கையுறை போட்ட இடம் வரை மரத்துப்போவது அதனால்தான்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

ஐந்தாவது சைக்கிளிலேயே சட்டைப் பொத்தான் போடுவது கடினமாகிவிட்டது. பொத்தானைக் கண்ணால் பார்த்தால்தான் விரலுக்கு அது இருப்பது தெரியும். கழுத்துப் பொத்தான் கண்ணுக்குத் தெரியாதே, அதை விட்டுவிடுவேன். சில்லறை எண்ணும்போது இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயும் விரலுக்கு ஒன்றாயின. ஒவ்வொரு முறையும் சிஸ்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “கை கால் மரத்துப் போகுதா ஐயா?” என்று கேட்பார். “கொஞ்சம்தாம்மா, பரவால்ல” என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். உண்மையைச் சொன்னால் மருந்தின் அளவைக் குறைத்துவிடுவார்கள், குறைத்தால் நோய் திரும்பிவிடும் என்று பயம். அந்தப் பயத்துக்குப் பொறுமை என்று பெயர் வைத்துக்கொண்டேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்ட கை அல்லவா, அதே கையால் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

பக்கத்துப் படுக்கையில் திருவிடைமருதூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர். என்னைவிடப் பத்து வயது இளையவர், பள்ளிக்கூடம் போகாதவர். அவர் நாலாவது சைக்கிளிலேயே சிஸ்டரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். “வரப்புல நடந்தா மண்ணு ஈரமா காஞ்சுதான்னு காலுக்குத் தெரியலம்மா. வேட்டி கட்டினா முடிச்சு நிக்குதான்னு கைக்குத் தெரியல.” சிஸ்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். மருத்துவர் வந்து அவரைக் கண்ணை மூடச் சொல்லி, கால் விரலை மேலும் கீழும் அசைத்து, எந்தப் பக்கம் அசைகிறது என்று கேட்டார். அடுத்த முறை அவருக்கு மருந்தின் அளவு குறைந்தது. அதற்கடுத்து அந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்தி, மற்றதைத் தொடர்ந்தார்கள். இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தேன். நடவு வேலை பார்க்கிறார். நோயும் திரும்பவில்லை.

அவர் என்னைவிடக் குறைவாகத் தாங்கியவர் இல்லை. தாங்குவதைத் தாங்கிக்கொண்டே, தாங்குவது என்ன என்பதைச் சொல்லவும் தெரிந்தவர். ‘கொஞ்சம்’ என்ற என் சொல்லில் மருத்துவர் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ‘வேட்டி முடிச்சு கைக்குத் தெரியல’ என்பதில் எல்லாம் இருக்கிறது.

என் பயத்துக்கும் அடிப்படை போதாது என்பது பின்னால் தெரிந்தது. 2018இல், பல நாடுகளில் நடந்த ஆறு சோதனைகளின் முடிவைச் சேர்த்து வெளியிட்டார்கள். மூன்றாம் கட்டப் பெருங்குடல் புற்றுக்காரர்கள் 12,834 பேர். பாதிப் பேருக்கு மூன்று மாதம், பாதிப் பேருக்கு ஆறு மாதம் கீமோ. எனக்கு ஏறிய அதே மருந்துக்கூட்டைப் பெற்றவர்களில் ஆறு மாதக்காரர்களில் 47.7 சதவீதம் பேருக்கு நரம்புப் பாதிப்பு அன்றாட வேலையைத் தடுக்கும் அளவோ அதற்கு மேலோ போயிருந்தது. மூன்று மாதக்காரர்களில் அது 16.6 சதவீதம்தான். நோய் திரும்பும் கணக்கிலோ, ஆபத்துக் குறைந்த நோயாளிகளிடம் இரண்டுக்கும் வேறுபாடு மிகச் சிறிது. இன்று பலருக்கு மூன்று மாதத்தோடு நிறுத்துகிறார்கள். எல்லாருக்கும் இது பொருந்தாது. யாருக்கு எவ்வளவு என்று மருத்துவர்தான் முடிவு செய்வார். ஆனால் மருந்தைக் குறைக்கலாமா என்று கேட்பது கோழைத்தனம் என்று நினைத்தேனே, அந்த நினைப்பு தவறு. ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் உடலைக் கொடுத்து அந்தக் கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள்.

செப்டம்பர் கடைசியில் 12ஆவது சைக்கிள் முடிந்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். இனிமேல் நாளுக்கு நாள் குறையும் என்று நம்பினேன். ஐப்பசியில் கூடியது. கார்த்திகையில் இன்னும் கூடியது. பிளாட்டினம் மருந்துகளின் இயல்பு அது. ஏறுவதை நிறுத்தினாலும், ஏறியது இரண்டு மூன்று மாதம் தன் வேலையைத் தொடரும். அதை முன்கூட்டி யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த இரவுகளில் நோய் நரம்புக்குள் போய்விட்டதோ என்று நடுங்கியிருக்க மாட்டேன். மார்கழியில் ஒரு காலை, சாரங்கபாணி கோயில் பக்கம் நடந்து போனேன். பூக்காரம்மா ஒருவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். “ஐயா, செருப்ப விட்டுட்டுப் போறீங்களே!” திரும்பிப் பார்த்தேன். பத்தடி தள்ளி வலது கால் செருப்பு தனியாகக் கிடந்தது. கழன்றதும் தெரியவில்லை, வெறுங்காலில் பத்தடி நடந்ததும் தெரியவில்லை. அந்த அம்மா எழுந்து வந்து, செருப்பை எடுத்து என் காலடியில் வைத்தார். நான் தெருவில் நின்று அழுதது அன்று ஒருமுறைதான்.

அடுத்த ஆண்டு வந்தது, நான் சொல்ல வந்த செய்தி. மருத்துவம் படிக்கும் பழைய மாணவி ஒருத்தி, “சார், உங்களுக்காகவே எழுதின மாதிரி இருக்கு” என்று ஓர் ஆய்வுக் கட்டுரையை அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017இல் நேச்சர் நியூரோசயின்ஸ் இதழில் வெளியிட்டது. எலிகளுக்கு ஆக்சாலிபிளாட்டின் கொடுத்தார்கள். எலிகளுக்கும் என்னைப் போலவே பாதத்தில் கூச்சமும் வலியும் வந்தன. இன்னொரு கூட்ட எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களைத் துடைத்துவிட்டு, அதே மருந்தைக் கொடுத்தார்கள். வலி வெகுவாகக் குறைந்திருந்தது. பிறவியிலிருந்தே ஒரு கிருமியும் இல்லாமல் வளர்த்த எலிகளும் அப்படியே. அவற்றின் குடலில் பாக்டீரியாக்களைத் திரும்பக் குடியேற்றினார்கள். வலி திரும்பி வந்தது.

அந்தத் தாளை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. வலி என் கால்விரலில். அதற்கு ஒரு வேர் என் வயிற்றில்! கட்டுரை சொன்ன வழி இது: கீமோ குடலின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. சில பாக்டீரியாக்களின் மேலுறையில் கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த ஒரு பொருள் உண்டு. சுவர் பழுதானால் அது ரத்தத்துக்குள் கசிகிறது. உடலின் காவல் அணுக்கள் அதைக் கண்டதும் எதிரி புகுந்துவிட்டான் என்று கொதித்தெழுகின்றன. முன்பு சொன்ன நரம்பு முடிச்சுகளில் அந்தக் கொதிப்பு போய்ச் சேர்கிறது. ஏற்கெனவே பிளாட்டினத்தால் நொந்த நரம்பு இன்னும் நோகிறது. இரண்டு ஆண்டு கழித்து, கலிபோர்னியாவிலிருந்து வந்த வேறோர் ஆய்வு பக்லிடாக்ஸல் என்ற மருந்தை வைத்துப் பார்த்தது. வலிக்கு எளிதில் ஆளாகும் எலி இனத்துக்கும் ஆளாகாத இனத்துக்கும் குடல் பாக்டீரியாக்களை மாற்றிக் கொடுத்தபோது, வலியும் இடம் மாறியது.

அப்படியானால் ஆன்டிபயாடிக் போட்டு இந்தக் குடித்தனத்தையே காலி செய்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அதற்கும் விடை இருந்தது. 2013இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தார் சயின்ஸ் இதழில் எழுதியதைப் பின்னர் தேடிப் படித்தேன். குடல் பாக்டீரியா இல்லாத எலிகளில் ஆக்சாலிபிளாட்டின் புற்றுக்கட்டியைச் சரியாக அழிக்கவில்லை. மருந்து தன் வேலையைச் செய்யக் காவல் அணுக்கள் விழித்திருக்க வேண்டும். அவற்றை விழிக்க வைத்திருப்பது அந்தப் பாக்டீரியாக் கூட்டம். வலியைக் கூட்டுவதும் அதே கூட்டம், மருந்துக்குத் தோள் கொடுப்பதும் அதே கூட்டம். நம் உடலில் உள்ள பாக்டீரியாக்களின் எண்ணிக்கை சுமார் 38 லட்சம் கோடி என்று 2016இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் கணக்கிட்டார்கள். எல்லாம் சேர்ந்து கால் கிலோவுக்கும் குறைவான எடை. கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது புரியும். திட்டுகிற பெரியப்பாதான் ஆபத்துக்கு முதலில் ஓடி வருவார். அவரை வீட்டை விட்டு அனுப்பிவிட்டு நிம்மதி தேட முடியாது.

இந்த இடத்தில்தான் புரோபயாடிக் என்ற சொல் நம் காதுக்கு இனிக்கிறது. நல்ல கிருமியை உள்ளே அனுப்பினால் போதுமே! இந்த இனிப்பில் நானும் விழுந்தவன். கீமோ நடந்துகொண்டிருந்தபோதே, மருந்துக்கடை வைத்திருக்கும் பழைய மாணவன் ஒரு டப்பாவைக் கொடுத்தான். “வயித்துக்கு நல்லது சார், எல்லாரும் வாங்குறாங்க.” பாசத்தோடு கொடுத்தான், காசும் வாங்கவில்லை. மருத்துவரிடம் சொல்லாமல் ஒன்பது நாள் விழுங்கினேன். பத்தாம் நாள் ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கியிருந்தன. வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது மனைவி டப்பாவை எடுத்து மேசை மேல் வைத்தாள். அணுக்கள் இறங்கியதற்குக் காரணம் கீமோதான், அந்த மாத்திரை இல்லை. ஆனால் மருத்துவர் சொன்னது என்றும் மறக்காது. “ஐயா, வாசல்ல காவல்காரனே இல்லாத நேரம். இப்போ போய் உயிரோட இருக்கிற கிருமியைக் கோடிக்கணக்கில் உள்ளே விடலாமா? நல்லவனா இருந்தாலும், ரத்தத்துக்குள்ள போயிட்டா அவனும் நோய்தான்.”

அவர் சொன்னது வெறும் எச்சரிக்கை அல்ல. எதிர்ப்புச் சக்தி இழந்தவர்களுக்கு, புரோபயாடிக்காகக் கொடுத்த லாக்டோபேசில்லஸ் வகைக் கிருமிகளே ரத்தத்தில் புகுந்து நோயாக மாறிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. வேறொன்றும் உண்டு. ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்தவர்களுக்குப் புரோபயாடிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் செல் இதழில் வந்தது. அவர்களுடைய சொந்தப் பாக்டீரியாக்கள் குடலுக்குத் திரும்பி வருவது அதனால் தாமதமானது. வந்த விருந்தாளி திண்ணையை விட்டு எழவில்லை; வீட்டுக்காரன் வாசலில் நின்றான்.

எலிகளிடம் சில புரோபயாடிக் கலவைகள் கீமோ வலியைக் குறைத்திருக்கின்றன. அது உண்மையான நம்பிக்கை. அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், இந்த நரம்புப் பாதிப்பு வராமல் தடுப்பதற்கென்று எந்த மருந்தையும், எந்தச் சத்து மாத்திரையையும் பரிந்துரைக்கவில்லை. நரம்புக்கு நல்லது என்று முன்பு பலர் சாப்பிட்ட அசிட்டைல் எல் கார்னிட்டைன், சோதனையில் பாதிப்பைக் கூட்டியது என்று தெரிந்து, அதைக் கொடுக்கவே வேண்டாம் என்றது. நல்லது என்று தோன்றுவது வேறு, நல்லது என்று தேர்வது வேறு. வலியில் கிடப்பவனுக்கு இந்த இடைவெளியில் காத்திருப்பது கொடுமை. நான் காத்திருந்தவன் என்பதால்தான் சொல்கிறேன், காத்திருக்கலாம்.

வந்துவிட்ட வலிக்கு அந்த வழிகாட்டல் ஒரு மருந்தைச் சொல்கிறது: துலாக்செடின். 2013இல் 231 பேரிடம் நடந்த சோதனையில், அதைச் சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 38 சதவீதம். அது மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மாத்திரை என்று கேள்விப்பட்டு, எனக்கென்ன மனநோயா என்று முதலில் மறுத்தேன். நான்கு மாதத் தூக்கத்தை அந்த வீம்புக்குக் கொடுத்தேன். சாப்பிட்ட பிறகு எரிச்சல் அடங்கியது. மரப்பு அதற்குக் கட்டுப்படாது, அது வேறு.

மரப்புக்கு எனக்கு உதவியது நடையும் நிற்பும். சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பேன், பத்து எண்ணும் வரை. அடிக்கு அடி பாதத்தை ஒட்டி வைத்துத் தாழ்வாரத்தில் நடப்பேன். பேத்தி பக்கத்தில் நின்று எண்ணுவாள். கீமோ நடக்கும்போதே இத்தகைய சமநிலைப் பயிற்சி செய்தவர்களுக்குப் பாதிப்பு கணிசமாகக் குறைந்தது என்று ஜெர்மனியில் நடந்த சோதனை 2024இல் வெளியானது. என் காலத்தில் யாரும் சொல்லவில்லை; உங்கள் காலத்தில் கேட்டால் சொல்வார்கள். அறுந்த நரம்பு இழை வளர்ந்தால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும். இடுப்பிலிருந்து கால் நுனி வரை கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்று ஆண்டு வருகிறது. என் கைவிரல்கள் இரண்டு ஆண்டில் பெரும்பாலும் திரும்பிவிட்டன. கால் விரல்களில் முழு உணர்வு வரவில்லை. அவற்றின் நரம்பணுக்களில் சில இறந்துபோயிருக்கும். ஐந்தாவது சைக்கிளில் உண்மையைச் சொல்லியிருந்தால் அவற்றில் எத்தனை பிழைத்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

தயிரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தாயார் மன்னிக்க மாட்டார். எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் அவர் முதலில் எடுத்து வைத்தது உறைமோர்க் கிண்ணம். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த எலி மெச்னிகாஃப், 1908இல் நோபல் பரிசு பெற்றவர், பல்கேரிய உழவர்களின் நீண்ட ஆயுளுக்கு அவர்கள் உண்ணும் புளித்த பாலே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். புரோபயாடிக் என்ற எண்ணத்துக்கு விதை அதுதான். வீட்டுத் தயிரிலும் நல்ல கிருமிகள் உண்டு. ஆனால் எந்த வகை, எத்தனை, குடல் வரை உயிரோடு போகுமா என்பது வீட்டுக்கு வீடு, நாளுக்கு நாள் மாறும். அதனால் அதை உணவு என்று மதிக்கலாம். மருந்து என்று எண்ணக் கூடாது. என் மருத்துவர், காய்ச்சிய பாலில் அன்றன்று உறை ஊற்றிய தயிரை, அணுக்கள் சரியாக இருந்த வாரங்களில் அனுமதித்தார், குளிர வைக்காமல். அணுக்கள் இறங்கிய வாரங்களில் அதுவும் கிடையாது. பழைய சோறு ஆறு மாதமும் கிடையாது. அறுபது ஆண்டு நீராகாரம் குடித்தவனுக்கு அது சிறிய இழப்பு இல்லை. சிகிச்சை முடிந்து, மருத்துவர் சரி என்ற மறுநாள், மனைவி மண்சட்டியில் சோறும் சின்ன வெங்காயமும் வைத்தாள். கீரைத்தண்டு, வாழைத்தண்டு, காராமணி, கேழ்வரகு என்று நாரும் சேர்த்துக்கொண்டோம். குடலில் குடியிருப்பவர்களுக்கு அதுதான் சாப்பாடு. என் வலி அதனால் குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். மலச்சிக்கல் தீர்ந்தது, பசி திரும்பியது.

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் யாராவது கீமோ எடுத்துக்கொண்டிருந்தால், “வலிக்குதா” என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் தலைமுறை “இல்லை” என்றுதான் சொல்லும். பொத்தான் போட எவ்வளவு நேரம் ஆகிறது, செருப்பு கழன்றால் தெரிகிறதா, படி இறங்கும்போது கண்ணைக் கீழே வைத்துக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். அதை ஒரு தாளில் தேதியோடு எழுதி, அடுத்த ஊசிக்கு முன் சிஸ்டர் கையில் கொடுங்கள். கடையில் வாங்கிய எந்த டப்பாவாக இருந்தாலும் அதையும் மருத்துவர் மேசையில் வையுங்கள். இன்று இரவு அவர்கள் படுக்கப் போகுமுன் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். முள் குத்தியிருந்தாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது.